மாலத்தீவு மாஃபுஷிக்குக் குடும்பத்தோடு: என்ன உடுத்துவது, பெட்டியில் என்ன வைப்பது?

சிப்புட்வாசி எழுதியது:

வணக்கம். ஆண்டு இறுதிப் பள்ளி விடுமுறைக்கு மாலத்தீவு டிக்கெட் போட்டாச்சு. ரிசார்ட்டுக்கு நம்ம பை தாங்காது. மாஃபுஷி தீவில் கெஸ்ட் ஹவுஸ், 4 ராத்திரி. போறது 5 பேர்: நான், மனைவி, 14 வயசு மகள், 9 வயசு மகன், 66 வயசு அம்மா. யாருக்கும் சரியா நீச்சல் தெரியாது.

இருக்கிறது மலேசியாவில், சுங்கை சிப்புட்டில். இங்கே பாசார் மாலாமும் (இரவுச் சந்தை) ரெண்டு மூணு துணிக்கடையும்தான். ஈப்போவுக்கு ஒரே ஒரு தடவை போய் எல்லாத்தையும் வாங்கிடலாம்னு இருக்கேன். அதனால எதை இங்கே வாங்கலாம், எதுக்கு ஈப்போ போகணும்னும் சொன்னா நல்லது.

அம்மா சேலையைத் தவிர வேற கட்ட மாட்டாங்க. இடுப்பு தெரியும், அங்கே யாராவது ஏதாவது சொல்வாங்களான்னு மனைவிக்குக் கவலை. மகளுக்கு வீட்டில் ஷார்ட்ஸ்தான் பழக்கம். மனைவி கடலில் இறங்க ஆசைப்படறாங்க, ஆனா ஒட்டிப் பிடிக்கிற நீச்சல் உடை வேண்டாமாம். மலாய்ப் பெண்கள் போடற முழு நீச்சல் உடையை நாம போட்டா தப்பா எடுத்துக்குவாங்களா? அம்மாவுக்குச் சர்க்கரை, இன்சுலின் பேனா உண்டு. மார்கழி பிறந்துட்டா சுத்த சைவம் வேற. கையில் ஒரு சின்ன பித்தளைப் பிள்ளையாரும் வருவார்னு சொல்லிட்டாங்க.

தெரிஞ்சவங்க சொல்லுங்க.

ஊசிநூல் அக்கா எழுதியது:

தம்பி, மாஃபுஷி ஜனங்க குடியிருக்கிற தீவு. பள்ளிவாசல், பள்ளிக்கூடம், மளிகைக் கடை எல்லாம் நீங்க தங்கற தெருவிலேயே இருக்கும். கடற்கரையில் ஒரு துண்டை மட்டும் தடுப்பு போட்டு மறைச்சுச் சுற்றுப்பயணிகளுக்கு விட்டிருக்காங்க. பிகினி பீச்னு பலகையே இருக்கும். அந்தத் தடுப்புக்கு உள்ளே எந்த நீச்சல் உடையும் போடலாம். வெளியே வந்தா தோளிலிருந்து முழங்கால் வரை மூடியிருக்கணும். ஆம்பளைங்களுக்கும் உண்டு இது. சட்டையைத் தோளில் போட்டுக்கிட்டுத் தெருவில் நடக்கிறது நம்ம பக்கத்தில் சாதாரணம், அங்கே கூடாது. பீச்சிலிருந்து ரூமுக்கு வர்றது பத்து நிமிஷ நடைதான், ஆனா நிறைய பேர் தப்பு பண்றது அந்தப் பத்து நிமிஷத்தில்தான்: ஈரத் துண்டைச் சுத்திக்கிட்டு வந்துடறாங்க. துண்டு உடுப்பு ஆகாது. ஆளுக்கு ஒரு கைலி பீச் பையிலேயே இருக்கட்டும்.

அந்தக் கைலியை மட்டும் ஊரிலேயே வாங்குங்க. பாசார் மாலாமில் விக்கிற பாத்தேக் கைலி மெல்லிசு, சீக்கிரம் காயும், மடிச்சா உள்ளங்கை அகலம்தான். மூட்டாத கைலியா பார்த்து வாங்கினா இடுப்பிலும் கட்டலாம், தோளிலும் போடலாம், மணலிலும் விரிக்கலாம்.

அம்மா சேலைக்கு யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. இலங்கை, இந்தியப் பயணிகள் அந்த ஊருக்குப் புதுசு இல்லை. சிக்கல் இடுப்பில் இல்லை தம்பி, படகில்தான். விமான நிலையத்திலிருந்து ஸ்பீட் போட் அரை மணியிலிருந்து முக்கால் மணி நேரம். படகுத்துறை மேடைக்கும் படகு விளிம்புக்கும் நடுவே ஒரு எட்டு இடைவெளி இருக்கும். படகு ஆடிக்கிட்டே நிற்கும். அப்போ ஒரு காலைத் தூக்கி வைக்கணும். சேலைக் கொசுவமும் உள்பாவாடையும் அந்த எட்டுக்கு இடம் கொடுக்காது. பயண நாள் ரெண்டுக்கு மட்டும் பஞ்சாபி உடுப்பு போடச் சொல்லிப் பாருங்க. மாட்டேன்னா, சேலையைக் கணுக்காலுக்கு மேலே ஏத்திக் கட்டி, தலைப்பை இடுப்பில் சொருகி, பாவாடைக்குப் பதில் உள்ளே லெகிங்ஸ் போடச் சொல்லுங்க. கொசுவத்தைச் சொருக லெகிங்ஸ் மேல ஒரு இடுப்பு பெல்ட் போதும். சேலை பூனம் மாதிரி பாலியெஸ்டரா இருக்கட்டும். பட்டு வேண்டாம், உப்புத் தண்ணி தெறிச்சா திட்டுத் திட்டா கறை நிக்கும். மொடமொட கஞ்சிப் பருத்தியும் வேண்டாம், கடல் காத்தில் ஈரம் இழுத்துத் துவண்டுடும்.

முழு நீச்சல் உடை தப்பே இல்லை. அங்கே உள்ளூர்ப் பெண்கள் உடுப்போடயே கடலில் இறங்குவாங்க, உங்க மனைவி அப்படிப் போட்டா மதிப்புத்தான். தலைமூடி தேவை இல்லை, கழட்டற மாதிரி வர்றதை வாங்கிக்கங்க. கடையில் கவனிக்க வேண்டியது மேல்சட்டையையும் கால்சட்டையையும் உள்பக்கம் இணைக்கிற பட்டன் அல்லது நாடா. அது இல்லாத உடுப்பில் தண்ணிக்குள்ளே போனதும் மேல்சட்டை குடை மாதிரி விரிஞ்சு மார்பு வரை ஏறிடும். வாங்கிட்டு வந்தது அப்படி இருந்தா ரெண்டு பக்கமும் ரெண்டு அங்குல நாடா தைச்சுப் பிரஸ் பட்டன் வெச்சுக்கலாம், எந்தத் தையல்காரரும் அரை மணியில் முடிச்சிடுவார்.

துணி நைலான் அல்லது பாலியெஸ்டரோட ஐந்தில் ஒரு பங்கு ஸ்பான்டெக்ஸ் கலந்ததா இருக்கணும். ரெண்டு கையாலும் இழுத்து வெளிச்சத்துக்குப் பிடிங்க. விரல் நிழல் தெரிஞ்சா வேண்டாம், நனைஞ்சா அதைவிட மோசமாத் தெரியும். வெள்ளை, இளமஞ்சள், தோல் நிறம் எதுவும் வேண்டாம். பாசார் மாலாமில் மலிவா விக்கிறது ரெண்டு நாள் உப்பில் ஊறினதும் முட்டியில் பை விழுந்துடும். நீச்சல் உடுப்புக்கு மட்டும் ஈப்போ போங்க.

வீட்டில் கிடக்கிற பருத்தி டி-ஷர்ட்டைப் போட்டு இறங்கிடலாம்னு நினைக்காதீங்க. தண்ணி குடிச்சுக் கனக்கும், உடம்போட ஒட்டி எல்லாத்தையும் காட்டும், அடுத்த நாளும் காயாது. வெயிலையும் அது பெரிசாத் தடுக்காது. மெல்லிய வெள்ளைப் பருத்திக்குக் காய்ஞ்சிருக்கும்போதே தடுப்பு அளவு ஐந்தோ ஏழோதான், நனைஞ்சா மூணுக்கு இறங்கிடும். நீச்சல் துணியில் 50+ போட்டே வருது.

மகளுக்கு முட்டிக்குக் கீழே வர்ற கால்சட்டை ரெண்டு, தொளதொள சட்டை மூணு. ஷார்ட்ஸ் ரூமுக்குள்ளேயும் தடுப்புக்குள்ளேயும் போட்டுக்கட்டும், சண்டை வேண்டாம். ஜீன்ஸ் யாருக்கும் வேண்டாம்.

ஆளுக்கு எத்தனைன்னு கேட்டா: தெருவுக்கு 3 செட், நீச்சலுக்கு 2 செட், கைலி 1, பயணத்தில் போட்டுப் போறது 1. நீச்சல் உடுப்பு கட்டாயம் ரெண்டு வேணும். காலையில் நனைஞ்சதைச் சாயங்காலம் திரும்பப் போட்டா தொடை உரசிப் புண்ணாகும். துவைக்கிறதிலும் ஒரு முறை இருக்கு. உப்பு துணியில் தங்கினா காத்தில் இருக்கிற ஈரத்தை இழுத்துக்கிட்டே இருக்கும், எத்தனை மணி நேரம் தொங்கினாலும் பிசுபிசுப்பு போகாது. ரூமுக்கு வந்ததும் நல்ல தண்ணியில் ரெண்டு தரம் அலசி, காய்ஞ்ச துண்டில் பாய் மாதிரி சுருட்டி, மேலே ஏறி மிதிங்க. பிறகு நிழலில் தொங்கவிட்டா ராத்திரிக்குள்ளே காய்ஞ்சிடும். நைலான் கயிறு அஞ்சு மீட்டர், கிளிப் ஒரு டஜன் எடுத்துக்கங்க. பால்கனிக் கம்பியில் உள்ளாடை தொங்கவிடாதீங்க, கீழே தெரு.

கவுண்டர் ஏழு எழுதியது:

உடுப்பு விஷயம் அக்கா சொல்லிவிட்டார். சுங்கச் சோதனையில் மாட்டுபவை வேறு பொருள்கள்.

பிள்ளையாரை வீட்டிலேயே விட்டுச் செல்லுங்கள். வழிபாட்டுச் சிலைகளைக் கொண்டுவருவது மாலத்தீவுச் சுங்கத் தடைப் பட்டியலில் இருக்கிறது. மாலே வேலானா விமான நிலையத்தில் இறங்கும் பெட்டிகள் ஸ்கேனில் போகும், பித்தளை பளிச்சென்று தெரியும். அங்கே நின்று வாதாடிப் பயனில்லை. அம்மாவுக்குக் கைப்பேசியில் படம் வைத்துக் கொடுங்கள். கழுத்தில் போட்டிருக்கும் டாலர் நகைக் கணக்கு, சட்டைக்குள் விட்டுக்கொண்டால் போதும். வேல் படம், சாமி படம் பெரிதாக அச்சடித்த டி-ஷர்ட் சட்டப்படி குற்றமா என்பதல்ல கேள்வி. குடியிருப்புத் தீவில் அதைப் போட்டுக்கொண்டு நடக்க ஒரு அவசியமும் இல்லை.

மது ஒரு சொட்டுகூட உள்ளே போகாது. கேஎல்ஐஏ (கோலாலம்பூர் விமான நிலையம்) தீர்வை இல்லாக் கடையில் வாங்கிய புட்டியை மாலேயில் வாங்கி வைத்துக்கொண்டு ரசீது தருவார்கள், திரும்பும்போது பெற்றுக்கொள்ளலாம். மாஃபுஷியில் கடையிலும் விடுதியிலும் மது கிடையாது. தீவுக்கு வெளியே நங்கூரம் போட்ட படகில் சுற்றுப்பயணிகளுக்கு விற்பார்கள், அது தனிக் கதை. பன்றி இறைச்சி சேர்ந்த எதுவும் கூடாது. உங்கள் பெட்டியில் அது இருக்காது, ஆனால் பக்கத்து வீட்டார் கொடுத்த பிஸ்கட் டின்னில் பன்றிக் கொழுப்பு இருக்கிறதா என்று பாருங்கள்.

வேப் வைத்திருந்தால் தூக்கிப் போட்டுவிட்டுக் கிளம்புங்கள். 2024 நவம்பர் 15 முதல் மின் சிகரெட்டையும் அதன் பாகங்களையும் கொண்டுவரவே தடை, பயணிகளுக்கும் விலக்கு இல்லை. சாதாரண சிகரெட்டுக்கும் 2025 நவம்பர் 1 முதல் ஒரு சட்டம்: 2007 ஜனவரி 1 அல்லது அதற்குப் பிறகு பிறந்தவர் புகைக்கவோ வாங்கவோ கூடாது. இதுவும் வெளிநாட்டவருக்குச் சேர்த்துத்தான்.

மருந்து. கிளினிக் கெசிஹாத்தானில் (அரசு மருந்தகத்தில்) மாத்திரையைச் சின்ன பிளாஸ்டிக் பையில் போட்டு லேபிள் ஒட்டித் தருவார்கள். அந்தப் பையோடு, லேபிள் கிழியாமல் கொண்டுபோங்கள். எல்லாவற்றையும் ஒரே டப்பாவில் கொட்டி எடுத்துச் சென்றால் எது என்ன மாத்திரை என்று காட்ட முடியாது. மருந்துப் பெயர், அளவு, அம்மாவின் கடப்பிதழில் உள்ளபடி பெயர் எல்லாம் ஆங்கிலத்தில் எழுதிய மருத்துவர் கடிதம் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். தூக்க மாத்திரை, டிரமடால், கோடீன் கலந்த இருமல் மருந்து இருந்தால் அந்தக் கடிதம் இல்லாமல் கிளம்பவே வேண்டாம்.

இன்சுலின் எப்போதும் கைப்பையில். சரக்குப் பெட்டிக்குள் உறைந்து போனால் மருந்து வீண், மறுபடி உருகினாலும் பயன்படாது. திறக்காத பேனாக்கள் 2 முதல் 8 டிகிரியில் இருக்க வேண்டும். சின்ன குளிர்ப்பையில் வைக்கும்போது ஐஸ் பொட்டலத்தின் மேல் நேராகப் படாமல் ஒரு துணியில் சுற்றுங்கள். விடுதி அறையில் குளிர்பதனப் பெட்டி உண்டா என்று முன்னமே எழுதிக் கேளுங்கள், இருந்தாலும் அதன் பின்சுவரை ஒட்டி வைக்காதீர்கள், அங்கேதான் உறையும். நேர வித்தியாசம் 3 மணி. மாலத்தீவு நமக்குப் பின்னால். ஊசி நேரத்தை எப்படி மாற்றுவது என்று மருத்துவரிடமே கேட்டுவிடுங்கள்.

பவர் பேங்க் சரக்குப் பெட்டியில் கூடாது, கைப்பையில் மட்டும். 100 வாட்-அவர் வரை தடையில்லை. 20,000 எம்ஏஎச் என்றால் ஏறக்குறைய 74 வாட்-அவர், பயமில்லை. ஆனால் எழுத்து அழிந்த பழைய பவர் பேங்கை விமான நிலையத்தில் பறித்துக்கொள்வார்கள். மின் செருகி நம் ஊர் மூன்று முனைதான், அடாப்டர் வாங்கிப் பணத்தை வீணாக்க வேண்டாம்.

இமூகா என்ற பயணிப் படிவம் இணையத்தில் நிரப்ப வேண்டும். போகும்போது ஒரு தடவை, திரும்பும்போது ஒரு தடவை, ஆளுக்கு ஒன்று, விமானத்துக்கு முந்தைய 96 மணி நேரத்துக்குள். இலவசம். பணம் கேட்கும் பக்கம் போலி. விசா 30 நாளுக்கு இறங்கியதும் இலவசமாகக் கிடைக்கும், விடுதிப் பதிவும் திரும்பும் டிக்கெட்டும் அச்சடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

கையில் அமெரிக்க டாலர், சின்ன நோட்டுகளாக, கிழிசலும் கிறுக்கலும் இல்லாமல். 2025 ஜனவரி முதல் 50 அறைக்குக் குறைந்த கெஸ்ட் ஹவுஸில் ஆளுக்கு ஒரு ராத்திரிக்கு 6 டாலர் பசுமை வரி. 5 பேர், 4 ராத்திரி: 120 டாலர். விடுதிக் கட்டணத்தில் இது சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள், பெரும்பாலும் தனியாகத்தான் போடுவார்கள்.

சிப்புட்வாசி எழுதியது:

ரெண்டு பேருக்கும் நன்றி. பிள்ளையார் விஷயம் தெரியாம போயிருந்தா அம்மா அங்கேயே உட்கார்ந்து அழுதிருப்பாங்க.

இன்னும் சிலது. மனைவி தாலியைக் கழட்ட மாட்டாங்க, மஞ்சள் கயிறுதான், கடலில் பரவாயில்லையா? சன்ஸ்கிரீன் ஒரு 100 மில்லி குப்பி எல்லாருக்கும் போதுமா? நாங்க தோட்டத்து வெயிலில் வளர்ந்தவங்க, கறுத்த தோல், அது தேவையே இல்லைன்னு என் தம்பி சொல்றான். ஸ்நோர்க்கல் சாமான் (முகத்தைத் தண்ணிக்குள்ளே விட்டு மிதக்கிறதுக்கான மாஸ்க், மூச்சுக்குழாய்) இங்கேயே வாங்கணுமா, அங்கே வாடகைக்கு எடுக்கலாமா?

நீர்க்காகம் எழுதியது:

சன்ஸ்கிரீனிலிருந்து வர்றேன். ரப்பர் தோட்டத்து வெயில் நிழல் கலந்த வெயில். மாலத்தீவு பூமத்திய ரேகையை ஒட்டி, மரமில்லாத வெள்ளை மணல், மேலே வர்ற வெயில் கீழேயிருந்தும் திரும்பி அடிக்கும். யுவி அளவு நடுப்பகலில் 11-க்கு மேலே போகும். கறுத்த தோல் தாமதமாகத்தான் சிவக்கும், ஆனா சிவக்கும். ஸ்நோர்க்கல் பண்ணும்போது முகம் தண்ணிக்குள்ளே, முதுகும் முழங்காலின் பின்பக்கமும் வானத்தைப் பார்த்து மிதக்கும். தண்ணி குளிர்ச்சியா இருக்கிறதால சுடறது தெரியாது, ராத்திரி படுக்கும்போதுதான் தெரியும்.

அளவு: வெறும் உடம்பு முழுக்கப் பூச ஒரு பெரியவருக்கு 30 மில்லிக்கு மேலே வேணும். அக்கா சொன்ன முழு உடுப்பு போட்டா முகம், காது, கழுத்து, புறங்கை, பாதம் மட்டும்தான் பாக்கி, 8 மில்லி போதும். தண்ணிக்குப் போற 4 பேர், நாளைக்கு 3 தடவை, 4 நாள்: 48 தடவை, ஏறக்குறைய 380 மில்லி. ஒரு 100 மில்லி குப்பி ரெண்டாம் நாளே காலி. 200 மில்லி குப்பி ரெண்டு வாங்கிச் சரக்குப் பெட்டியில் போடுங்க, கைப்பையில் 100 மில்லிக்கு மேலே விடமாட்டாங்க. அம்மாவுக்கும் அதிலேயே கொஞ்சம் மிஞ்சும். அங்கே கிடைக்கும், விலைதான் எரியும். எஸ்பிஎஃப் 50, தண்ணீர் தாங்குறது, துத்தநாக ஆக்சைடு வகையா இருந்தா பவளத்துக்கு நல்லது. ஆனா நம்ம நிறத்தில் அது சாம்பல் பூசின மாதிரி தெரியும், படம் எடுக்கிறவங்க முணுமுணுப்பாங்க. இறங்க 20 நிமிஷத்துக்கு முன்னாடி பூசுங்க. கொசு மருந்தும் பூசறதா இருந்தா சன்ஸ்கிரீன் முதலில், கொசு மருந்து பிறகு. அங்கேயும் டெங்கி உண்டு.

மாஸ்க். பெரியவங்களுக்கு அங்கே வாடகைக்கு எடுக்கலாம். 9 வயசுப் பையனுக்கு மட்டும் கட்டாயம் இங்கேயே வாங்குங்க, வாடகை மாஸ்க் பெரியவங்க முகத்துக்கு அளந்தது, அவனுக்குக் கன்னத்தில் ஓட்டை விடும். கடையில் வார் போடாம முகத்தில் வெச்சு மூக்கால மூச்சை உள்ளே இழுக்கச் சொல்லுங்க. கையை எடுத்தாலும் விழாம ஒட்டி நின்னா அளவு சரி. முழு முகத்தையும் மூடற மாஸ்க் வேண்டாம், விட்ட மூச்சு உள்ளேயே தேங்கினா தலை சுத்தும், குழந்தைக்கு அவசரத்தில் கழட்டவும் வராது.

புது மாஸ்க் கண்ணாடியில் தொழிற்சாலைப் படலம் ஒண்ணு ஒட்டியிருக்கும், அது இருக்கிற வரைக்கும் ஆவி படியும். ஜெல் இல்லாத வெள்ளைப் பற்பசையை உள்பக்கம் தடவி விரலால் அஞ்சு நிமிஷம் தேய்ச்சுக் கழுவுங்க, ரெண்டு மூணு தடவை. இதை வீட்டிலேயே முடிச்சுட்டுப் போகணும். தினமும் இறங்கறதுக்கு முன்னாடி ஒரு சொட்டுக் குழந்தை ஷாம்பு தடவி அலசினா போதும்.

உங்களுக்கு மீசை உண்டான்னு கேட்கணும். அடர்த்தியான மீசைன்னா மூக்குக்குக் கீழே ரப்பர் ஒட்டாது, தண்ணி சொட்டுச் சொட்டா ஏறிக்கிட்டே இருக்கும். மூக்கை ஒட்டின மேல்வரிசை முடியை மட்டும் நாலஞ்சு மில்லிமீட்டர் மழிச்சா பார்க்கிறவங்களுக்கே தெரியாது, கசிவு நிக்கும். அதுக்கும் மனசு வராதவங்க கொஞ்சம் வாஸ்லின் தடவுவாங்க. அப்படிச் செஞ்சா அன்னைக்குச் சாயங்காலமே மாஸ்க்கைச் சோப்புப் போட்டுக் கழுவிடணும். பெண்களுக்கு முடிதான் பிரச்சனை. நெத்தியோரத்து ஒரு மயிரிழை ரப்பருக்கு அடியில் மாட்டினாலும் ஒழுகும். காலையில் தேங்காய் எண்ணெய் வெச்சா வார் வழுக்கும், அன்னைக்கு மட்டும் எண்ணெய் வேண்டாம். பின்னலை மேலே கொண்டை போடாம பிடரிக்குக் கீழே தாழ்வா பின்னி, நுனியை உடுப்புக்குள்ளே விடுங்க. வார் பின்னலுக்கு மேலே தலையின் பின்பகுதியில் உட்காரணும்.

நீச்சல் தெரியாதவங்க உயிர்க்காப்புச் சட்டை இல்லாம இறங்கவே கூடாது. பயணம் கூட்டிப் போறவங்க கொடுப்பாங்க, ஆனா குழந்தை அளவு இருக்கான்னு முதல் நாளே கேட்டுப் போட்டுப் பாருங்க. சட்டையை மாட்டிக் கொக்கி போட்டதும் தோள்பட்டையைப் பிடிச்சு மேலே தூக்குங்க. மோவாயைத் தாண்டி ஏறினா அது பெரிசு. காலுக்கிடையில் போடற வார் இருந்தா குழந்தைக்கு அதுதான் நல்லது. பையனுக்கு நீல, பச்சை உடுப்பு வேண்டாம், அந்தத் தண்ணியோட கலந்து ஆளே தெரியாது. பளிச்சுனு ஆரஞ்சு, ரோஸ் வாங்குங்க. ரோஸ் போட மாட்டேன்னு அடம் பிடிப்பான், ஆரஞ்சு ஒத்துக்குவான்.

காலுக்கு ரப்பர் அடி வெச்ச நீர்ச்செருப்பு எல்லாருக்கும். உடைஞ்ச பவளம் கத்தி மாதிரி கீறும், அந்தக் காயம் சீக்கிரம் ஆறாது. அம்மா தண்ணியில் இறங்காட்டியும் அவங்களுக்குத்தான் முதலில் வாங்கணும்: சர்க்கரைக்காரங்களுக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைஞ்சிருக்கலாம், மத்தியான மணல் சுட்டதும் தெரியாது, கீறினதும் தெரியாது. ராத்திரி டார்ச் அடிச்சு உள்ளங்காலைப் பாருங்க. விரலை மூடாத ஜப்பான் சிலிப்பர் தெருவுக்குச் சரி, கடலுக்கு ஆகாது.

கைப்பேசி நீர்ப்பை வாங்கினா முதலில் உள்ளே ஒரு டிஷ்யூ பேப்பரை மடிச்சு வெச்சு மூடி, வீட்டு வாளியில் ஒரு மணி நேரம் அமுக்கி வைங்க, மேலே கல் வெச்சு. டிஷ்யூ ஓரம் நனைஞ்சிருந்தா பையைத் தூக்கிப் போடுங்க. தண்ணிக்குள்ளே திரை தொடுதலுக்குக் கேட்காது, இறங்கறதுக்கு முன்னாடியே கேமராவைத் திறந்து ஒலி பட்டனில் படம் எடுக்கிற மாதிரி வெச்சுக்கங்க.

ஊசிநூல் அக்கா எழுதியது:

தாலி கேட்டீங்களே. கழட்ட வேண்டாம், ஆனா கிளம்பறதுக்கு முன்னாடி நல்ல நாள் பார்த்துப் புதுக் கயிறு மாத்திடச் சொல்லுங்க. பழைய கயிறு உப்பில் ஊறி வெயிலில் காய்ஞ்சு மறுபடி ஊறும்போது முடிச்சுப் பக்கத்தில்தான் முதலில் நையும். அதோட கயிற்றில் கோர்த்திருக்கிற ஊக்கையெல்லாம் கழட்டி வீட்டில் வைக்கச் சொல்லுங்க. சாதாரண இரும்பு ஊக்கு கடல் தண்ணியில் ஒரே நாளில் துருப்பிடிக்கும், மஞ்சள் கயிறும் உடுப்புக் கழுத்தும் செம்பழுப்பாக் கறை பிடிச்சா போகாது. கடலில் இறங்கும்போது தாலி முழு உடுப்புக்குள்ளே, கழுத்து ஜிப்பை மேலே வரைக்கும் ஏத்திடணும். வெளியே தொங்கினா உயிர்க்காப்புச் சட்டைக் கொக்கியில் மாட்டும். புதுக் கயிறு மஞ்சள் முதல் நாள் உடுப்பில் இறங்கும், அதுக்கும் சேர்த்து அடர் நிற உடுப்பு.

மோதிரம், வளையல், கால் கொலுசு எல்லாம் வீட்டில். தண்ணியில் விரல் சுருங்கும், மோதிரம் கழண்டு விழுந்தா அந்த மணலில் தேட முடியாது.

பெண்களுக்கு ஒண்ணு: கடலில் இறங்கற நாளில் மாதவிலக்கு வந்தா பேட் உதவாது, தண்ணியைக் குடிச்சு ஊதிடும். அதுக்குன்னே உள்ளே உறிஞ்சற அடுக்கு வெச்ச நீச்சல் உள்ளாடை வருது, மகளுக்கு ஒண்ணு வாங்கி வைங்க. பேட் அங்கே கடையில் கிடைக்கும், இந்த உள்ளாடை கிடைக்கும்னு நம்பிப் போகாதீங்க.

நீர்க்காகம் சொன்னதில் ஒண்ணு எனக்கு ஒப்பலை. சன்ஸ்கிரீன் கணக்கு சரிதான், ஆனா பகல் 11-லிருந்து 3 வரை தண்ணியிலேயே இறங்காம இருந்தா அந்தக் கணக்கே பாதியாகும். அம்மா வயசுக்காரங்களுக்கு ஒரு நல்ல மடக்குக் குடையைவிட எந்தக் களிம்பும் பெரிசில்லை. உள்பக்கம் கறுப்புப் பூச்சு உள்ளதா எடுங்க, டிசம்பரில் திடீர் மழைக்கும் அதே குடை.

நீர்க்காகம் எழுதியது:

குடை சரி, படகில் மட்டும் விரிக்காதீங்க. ஸ்பீட் போட்டில் அம்மாவைப் பின்வரிசை நடுவில் உட்கார வைங்க. முன்பக்கம்தான் தூக்கித் தூக்கிப் போடும், முதுகெலும்புக்கு ஆகாது. பின்னால் ஆட்டம் குறைவு, சாரல் அடிக்கும், அதனால கடப்பிதழ், மருந்து, மாத்துத்துணி எல்லாம் 10 லிட்டர் நீர்புகாப் பையில். வாயை மூணு சுருட்டுச் சுருட்டிக் கொக்கி போடணும், ஒரே சுருட்டுன்னா ஒழுகும். வாந்தி வர்றவங்களுக்கு நோவோமின் மாதிரி மாத்திரை படகுக்கு அரை மணியாவது முன்னாடி. படகு ஆட ஆரம்பிச்ச பிறகு போட்டா வேலைக்கு ஆகாது. அம்மாவுக்கும் பையனுக்கும் அளவை மருந்தகத்தில் கேட்டு வாங்குங்க, தூக்கம் வரும் மாத்திரை அது.

பருப்புப்பொடி எழுதியது:

சைவத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லை, அதனால் எழுதுகிறேன். மாலத்தீவுச் சமையலில் சூரை மீன் உப்பு மாதிரி, எதில் இல்லை என்று தேட வேண்டும். நாம் மாசிக் கருவாடு என்பது அங்கிருந்து வருவதுதான். காலையில் மாஸ் ஹுனி என்று அந்த மீனைத் துருவிய தேங்காயோடு பிசைந்து வைப்பார்கள், பார்க்கத் தேங்காய்ச் சம்பல் போலவே இருக்கும், அம்மா ஏமாந்துவிடப் போகிறார். பருப்புக் கறி, காய்க் கறியிலும் மாசித் தூள் விழுந்திருக்கலாம். "சைவம்" என்று கேட்டால் இறைச்சி இல்லை என்று புரிந்துகொள்வார்கள். "மீனும் வேண்டாம், மாசியும் வேண்டாம்" என்று இரண்டையும் பெயர் சொல்லிச் சமையல்காரரிடமே சொல்லுங்கள். ரொஷி என்ற சப்பாத்தி, வெறும் சோறு, பழம் நம்பலாம்.

பெட்டியில்: பருப்புப் பொடி 300 கிராம், எண்ணெய் கசியாத ஊறுகாய்ப் பொட்டலம், ஓட்ஸ், அவல், சைவ முத்திரை போட்ட மெகி பத்துப் பாக்கெட். நெய்க் குப்பி கொண்டுபோனால் சரக்குப் பெட்டியில், மூடிக்கு மேல் டேப் சுற்றி, இரண்டு பிளாஸ்டிக் பைக்குள். அறையில் கெட்டில் இருக்கும், ரைஸ் குக்கர் வேண்டாம், விடுதிக்காரர் விடமாட்டார். சர்க்கரை இறங்கினால் உடனே கொடுக்க மிட்டாய் அம்மாவின் இடுப்புப் பையில் இருக்க வேண்டும், பெரிய பெட்டியில் இருந்து பயனில்லை.

அம்மா வெற்றிலை போடுபவராக இருந்தால் இங்கிருந்து பச்சை இலை கட்டிக்கொண்டு போக வேண்டாம், செடி கொடி இலைக்குத் தனிச் சோதனை உண்டு. அங்கேயும் வெற்றிலை பாக்குப் பழக்கம் இருக்கிறது, கடையில் கிடைக்கும்.

கவுண்டர் ஏழு எழுதியது:

நாள் கணக்கு ஒன்று விட்டுப் போயிற்று. அங்கே வார விடுமுறை வெள்ளி, சனி. வெள்ளிக்கிழமை மாலேயிலிருந்து பொதுப் படகு ஓடாது, கடைகளும் மத்தியானத் தொழுகை முடியும் வரை மூடியிருக்கும். மற்ற நாளிலும் தொழுகை நேரத்தில் கால் மணி போல அடைப்பார்கள். மருந்து, தண்ணீர் வாங்க அந்த நேரத்தைப் பார்த்துப் போங்கள். அடுத்த தடவை யாராவது பிப்ரவரி, மார்ச்சில் போவதானால் ரமலான் எப்போது என்று பார்த்துவிட்டு டிக்கெட் போடுங்கள். அந்த மாதம் பகலில் தெருவில் நின்று சாப்பிடுவதும் தண்ணீர் குடிப்பதும் கூடாது, உணவுக்கடையும் பெரும்பாலும் மாலையில்தான் திறக்கும்.

மகனிடம் முன்பே சொல்லி வையுங்கள்: சிப்பி, பவளம், மணல் எதையும் நாட்டுக்கு வெளியே கொண்டுபோகக் கூடாது. திரும்பும்போது பெட்டி ஸ்கேனில் அது தெரியும், திறக்கச் சொல்வார்கள். பையன்களின் கால்சட்டைப் பையைப் பெட்டியில் வைப்பதற்கு முன் ஒருமுறை தட்டிப் பாருங்கள்.

சிப்புட்வாசி எழுதியது:

எழுதி வெச்சுக்கிட்டேன். கைலி, கயிறு, கிளிப், குடை, டப்பா சாமான் இங்கே. நீச்சல் உடுப்பு, நீர்ச்செருப்பு, பையன் மாஸ்க் ஈப்போவில். மருத்துவர் கடிதம் அடுத்த தவணைக்குப் போகும்போதே கேட்டுடறேன். நீர்ச்செருப்பு அளவு எப்படி எடுக்கணும், வழக்கமான அளவா, ஒண்ணு கூடவா?

நீர்க்காகம் எழுதியது:

வழக்கமான அளவே. ஒண்ணு கூட எடுத்தா உள்ளே மணல் புகுந்து குதிகாலை அறுக்கும். போட்டுக்கிட்டு நுனிவிரலில் நின்னு பாருங்க, குதிகால் கழண்டு வரக் கூடாது. அடிப்பகுதியை ரெண்டா மடிச்சுப் பாருங்க, ஓரத்துப் பசை பிரிஞ்சா வேற ஜோடி கேளுங்க. அம்மாவுக்கு மட்டும் சாயங்காலம் கடைக்குக் கூட்டிப் போய் அளவு பாருங்க, அந்நேரம் கால் கொஞ்சம் வீங்கியிருக்கும், அந்த அளவுதான் படகு இறங்கினதும் சரியா இருக்கும்.